தாங்க முடிந்த வலிமை

1971-இல் வெளிவந்த ‘டர்ட்டி ஹாரி’ படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் ஏந்தியிருந்தது ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தின் மாடல் 29 என்ற .44 மேக்னம் ரிவால்வர். உலகத்திலேயே வலுவான கைத்துப்பாக்கி இதுதான் என்று அவர் சொல்லும் வசனம் அமெரிக்க நினைவில் அழியாமல் பதிந்துவிட்டது. படம் வந்த பிறகு அந்தத் துப்பாக்கிக்குக் கடைகளில் பெரும் கிராக்கி ஏற்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ‘மேக்னம் ஃபோர்ஸ்’ படத்தில், சுடும் பயிற்சித் திடலில் இளம் போலீஸ்காரர் ஒருவர் அதே ஹாரியிடம், இந்தத் துப்பாக்கிக்கு என்ன தோட்டா போடுகிறீர்கள் என்று கேட்கிறார். ‘ஸ்பெஷல்’ என்ற மென்மையான தோட்டா, அதில்தான் கட்டுப்பாடும் அதிகம், உதைப்பும் குறைவு என்ற பொருளில் ஹாரி பதில் சொல்கிறார். முதல் வசனம் ஊரெங்கும் பரவியது. இரண்டாவது வசனம் துப்பாக்கி விவரம் தெரிந்தவர்களைத் தாண்டிப் போகவில்லை. ஆனால் அறம் சார்ந்து யோசிப்பவருக்கு இரண்டாவதுதான் முக்கியம். நம்மால் ஆள முடியாத ஒரு வலிமையை நம்முடைய வலிமை என்று சொல்லிக்கொள்ள முடியுமா? அதைக் கையில் எடுத்துக்கொண்டு, விளைவுக்கு நான் பொறுப்பு என்று ஒருவர் மனமறிந்து சொல்ல முடியுமா? முடியாது என்பதே என் வாதம். கை தாங்கும் அளவுக்கு உள்ளே நிற்கும் வலிமைதான் ஒருவருக்குச் சொந்தம். அதைத் தாண்டியது வெறும் விசை. அதற்கு உரிமையாளர் இல்லை. உதைப்பைத் தாங்க முடியாத ஒருவர் தனக்கேற்ற மென்மையான தோட்டாவையும் கனமான துப்பாக்கியையும் தேடிப் போவதைப் பலர் குறைபாடாகவும் சமரசமாகவும் பார்க்கிறார்கள். அது ஒரு கடமை என்று நான் கருதுகிறேன்.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திவிடலாம். துப்பாக்கி வைத்திருப்பது அன்றாட வாழ்க்கையின் பகுதியாக இருக்கும் அமெரிக்காவில், உதைப்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஏராளம். முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் வீங்கியவர்கள், மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், வயதாகிப் பிடிமானம் தளர்ந்தவர்கள், இயல்பிலேயே சிறிய கை உடையவர்கள், உடலில் குறை எதுவும் இல்லாமலே வெடிச்சத்தத்துக்கும் அதிர்வுக்கும் நரம்பு துள்ளுபவர்கள் என்று பல வகை. இவர்களில் சிலர் வேட்டைக்காகவோ, காட்டு வழிப் பயணத்தில் பாதுகாப்புக்காகவோ, இலக்கு சுடும் விளையாட்டுக்காகவோ பெரிய கேலிபர், அதாவது அகலமான குண்டு, கொண்ட ரிவால்வரை விரும்புகிறார்கள். அப்போது அவர்கள் காதில் விழுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ‘பழகிக்கொள், எல்லாம் சரியாகிவிடும்’ என்பது ஒன்று. ‘உனக்கு இது ஒத்து வராது, சின்னதாக ஒன்றை வாங்கிக்கொள்’ என்பது மற்றொன்று. ஒன்று உடலின் உண்மையைப் புறக்கணிக்கிறது. மற்றது பெரியது என்றாலே கொடூரமானது என்று தவறாக எண்ணிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது என்பதைப் பார்க்க, உதைப்பு எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நியூட்டன் 1687-இல் வகுத்துச் சொன்ன விதிதான் அடிப்படை. குண்டும் வெடிவாயுவும் முன்னோக்கிப் பெறும் உந்தம் எவ்வளவோ, அதே அளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கும். இதில் பேரம் கிடையாது. ஆனால் அந்த உந்தம் கையில் எவ்வளவு ஆற்றலாக இறங்கும் என்பது துப்பாக்கியின் எடையைப் பொறுத்தது. உந்தம் மாறாமல் எடை பாதியானால் உதைக்கும் ஆற்றல் இரண்டு மடங்காகும். எடை மாறாமல் உந்தம் பாதியானால் உதைக்கும் ஆற்றல் நான்கில் ஒன்றாகக் குறையும். .44 மேக்னம் தோட்டா வழக்கமாக 240 கிரெயின், அதாவது சுமார் 15.5 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. 1907-இல் வந்த .44 ஸ்பெஷல் தோட்டாவின் பழைய வடிவம் ஏறக்குறைய அதே எடையுள்ள குண்டை நொடிக்கு 230 மீட்டர் வேகத்தில்தான் அனுப்புகிறது. ஒன்றரைக் கிலோவை நெருங்கும் ஒரே எஃகு ரிவால்வரில் இரண்டையும் சுட்டால், ஸ்பெஷலின் உதைப்பு ஆற்றல் மேக்னத்தினுடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். குண்டின் குறுக்களவு அதேதான், எடையும் அதேதான். குறைந்திருப்பது அவசரம் மட்டும். ஆகவே பெரிய கேலிபர் என்ற ஒரே காரணத்தால் உதைப்பு பெரிதாகிவிடாது. அகலம், எடை, வேகம், கையில் இருக்கும் கருவியின் கனம் ஆகியவை தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டியவை. ‘வலிமை’ என்று ஒரே சொல்லில் நாம் மூட்டை கட்டி வைப்பதைப் பிரித்துப் பார்த்தால், அதில் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்பது நம் முடிவுக்கு வந்து நிற்கிறது.

இரண்டு தோட்டாக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நுட்பம் கண்ணில் படும். இரண்டின் தடிமனும் ஒன்றே. மேக்னத்தின் பித்தளை உறை மட்டும் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீளமாக இருக்கும். அந்தக் கூடுதல் நீளத்துக்கு முக்கியக் காரணம் பாதுகாப்பு. பழைய, பலம் குறைந்த ஸ்பெஷல் துப்பாக்கியின் அறைக்குள் மேக்னம் தோட்டாவை யாரும் தெரியாத்தனமாகத் திணித்துவிடக் கூடாது. மேக்னம் துப்பாக்கிக்குள் ஸ்பெஷல் தோட்டா சுலபமாகப் போகும். ஸ்பெஷல் துப்பாக்கிக்குள் மேக்னம் போகாது. 1935-இல் .357 மேக்னத்தை உருவாக்கியபோதும் .38 ஸ்பெஷலோடு இதே முறையைத்தான் கையாண்டார்கள். தாங்கும் திறன் கூடியது தன்னைவிடக் குறைந்ததை ஏற்கலாம், தாங்கும் திறன் குறைந்தது தன்னைவிட மிஞ்சியதை ஏற்கக் கூடாது என்ற ஒழுங்கைப் பொறியாளர்கள் உலோகத்திலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். துப்பாக்கியின் அறைக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு மனிதரின் மணிக்கட்டுக்கு இல்லை. எந்தக் கையிலும் எந்தத் துப்பாக்கியையும் வைத்துவிடலாம். தடுப்பதற்கு அங்கே விளிம்பு எதுவும் இல்லை. அந்த விளிம்பாக நிற்க வேண்டியது ஏந்துபவரின் அறிவும் மனச்சாட்சியும்தான். உதைப்பு ஒத்துக்கொள்ளாதவருக்கு நான்கு அங்குலத்துக்குக் குறையாத குழலும் உள்ளங்கையை நிறைக்கும் ரப்பர் பிடியும் உள்ள கனமான .44 மேக்னம் ரிவால்வரை வாங்கி, அதில் ஸ்பெஷல் தோட்டாவை மட்டும் போட்டுச் சுடச் சொல்வது அனுபவசாலிகள் வழக்கமாகச் சொல்லும் யோசனை. அதன் பின்னால் இந்த ஒழுங்கு இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான யோசனையும் கடைகளில் சகஜமாகக் காதில் விழும். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் எடை குறைந்த, குட்டையான ரிவால்வரைக் காட்டி, ‘இது இலேசாக இருக்கும், உங்களுக்குச் சௌகரியம்’ என்பார்கள். சுமந்து திரிவதற்கு அது சௌகரியம்தான். சுடுவதற்கு அதைவிடத் துன்பம் வேறில்லை. ஸ்காண்டியம் கலந்த அலுமினியச் சட்டத்தோடும் டைட்டேனியம் சிலிண்டரோடும் வந்த ஸ்மித் அண்ட் வெசன் 329 பிடி என்ற .44 மேக்னம் ரிவால்வரின் எடை சுமார் 700 கிராம். மாடல் 29-இன் எடையில் ஏறத்தாழ பாதி. ஆகவே அதே தோட்டா அதில் இரண்டு மடங்கு ஆற்றலோடு கையைத் தாக்கும். மனிதக் கை மட்டும்தான் அங்கே திணறுகிறது என்று நினைக்க வேண்டாம். இத்தகைய இலேசான ரிவால்வரில் ஒரு தோட்டா வெடித்ததும் துப்பாக்கி வெடுக்கென்று பின்னே பாய, சிலிண்டரில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் குண்டுகள் சரியாக இறுக்கப்படாமல் இருந்தால் உறையிலிருந்து முன்னே நழுவி வந்துவிடும். ஒரு குண்டின் மூக்கு சிலிண்டரின் முகப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டால் போதும், சிலிண்டர் சுழலாது. ஐந்து தோட்டா மிச்சம் இருந்தும் துப்பாக்கி வெறும் இரும்பாகிவிடும். அளவு மீறிய விசையைக் கருவியாலேயே தாங்க முடியவில்லை என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டியதில்லை. பரிவோடு சொல்லப்படும் யோசனையாக இருந்தாலும் உண்மையைச் சரிபார்க்காமல் சொன்னால் அது தீங்காகத்தான் முடியும் என்பதும் இதில் தெரிகிறது.

உடலுக்குள் நடப்பது இதைவிட ஆழமானது. துப்பாக்கிப் பயிற்றுநர்கள் கையாளும் எளிய சோதனை ஒன்று உண்டு. ரிவால்வரின் ஆறு அறைகளில் சிலவற்றில் மட்டும் தோட்டா போட்டு, மற்றவற்றில் வெற்றுறையை வைத்து, சிலிண்டரைச் சுழற்றி மூடிக் கொடுத்துவிடுவார்கள். எந்த அறை வருகிறது என்பது சுடுபவருக்குத் தெரியாது. அவர் குறிபார்த்து விசையை இழுக்கிறார். சுத்தியல் வெற்றுறையில் விழுந்து ‘டக்’ என்று ஓசை எழுகிறது. வெடிக்கவே இல்லை, உதைப்பும் இல்லை. ஆனாலும் துப்பாக்கியின் முனை ஓர் அங்குலம் கீழே சரிகிறது, கண் மூடித் திறக்கிறது, தோள் இறுகுகிறது. வராத அடிக்கு உடல் முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டது. உண்மையான தோட்டா வெடிக்கும்போது இந்த அசைவு உதைப்பின் ஆரவாரத்தில் மறைந்துபோகும். குண்டு குறி தப்பிப் போனது மட்டும் மிஞ்சும். உரோமத் தத்துவவாதி செனெக்கா சினத்தைப் பற்றிய தம் நூலில், திடீரென்று கண்ணை நோக்கி விரல் வந்தால் இமை மூடுவதை எடுத்துக்காட்டி, இத்தகைய முதல் அசைவுகள் நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்கிறார். அறிவின் ஆணையால் அவற்றை ஒழிக்க முடியாது. இங்கே நமக்கு வேண்டிய செய்தி இதுதான். ஒரு மனிதர் எவ்வளவு நல்ல எண்ணத்தோடும் உறுதியோடும் துப்பாக்கியை ஏந்தினாலும், விசையை இழுக்கும் அந்தக் கணத்தில் குண்டு எங்கே போக வேண்டும் என்பதை அவர் மனம் மட்டும் தீர்மானிப்பதில்லை. உடலும் சேர்ந்து வாக்களிக்கிறது. உடலின் வாக்கை எதிர்ப்பக்கம் தள்ளும் கருவியைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தவர், குறி தப்பிய குண்டுக்கு உடலைக் காரணம் காட்டித் தப்ப முடியாது.

அரிஸ்டாட்டில் நிகோமாக்கிய அறநூலின் இரண்டாம் பகுதியில் சொல்லும் ஒரு கருத்து இந்த இடத்தில் அப்படியே பொருந்துகிறது. நற்பண்பு நடுநிலையில் இருக்கிறது என்று சொன்ன அவர், அந்த நடுவை அளவுகோலால் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார். பத்து மினா (பண்டைக் கிரேக்க எடை அளவு) உணவு ஒருவருக்கு மிகுதி, இரண்டு மினா குறைவு என்பதால், எல்லோருக்கும் ஆறு மினா என்று பயிற்சியாளர் விதித்துவிட மாட்டார். குரோட்டோன் நகரத்து மல்லன் மைலோவுக்கு அது போதாது. பயிற்சியைத் தொடங்கும் புதியவருக்கு அதுவே அதிகம். நடு என்பது பொருளில் இல்லை, நமக்கும் பொருளுக்கும் இடையே உள்ள உறவில் இருக்கிறது. எண்களை அடுக்கி, .357 சிறியது, .500 மேக்னம் பெரியது, ஆகவே .44 நடுத்தரம் என்று முடிவு கட்டுபவர் அரிஸ்டாட்டில் எச்சரித்த தவறைத்தான் செய்கிறார். தினமும் பயிற்சி செய்யும் வலுவான கைக்கு .44 மேக்னம் அளவானதாக இருக்கலாம். வீங்கிய மூட்டுக்கு .44 ஸ்பெஷல்கூடக் கனமான சட்டத்தில் மட்டுமே அளவானது. அதே ஸ்பெஷல் அறுநூறு கிராம் எடையுள்ள குட்டை ரிவால்வரில் வந்தால் மிகை. இது எவருக்கும் எதுவும் சரி என்ற தளர்ந்த நிலைப்பாடு அல்ல. ஒவ்வொருவருக்கும் உரிய அளவு ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அதை இலக்குத் தாளில் விழும் துளைகள் காட்டிக்கொடுத்துவிடும். ஆசையும் வெட்கமும் அந்தத் துளைகளோடு வாதாட முடியாது. தன்னளவு அறிதல் என்பது தன்னைப் பற்றிய கருத்தாக இல்லாமல், சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மையாக இங்கே மாறுகிறது.

இதற்கு முதல் மறுப்பு தேவையின் பக்கமிருந்து வருகிறது. ஆபத்து உன் அளவைக் கேட்டுக்கொண்டு வராது. எதிரில் நிற்பதை நிறுத்தப் போதாத ஆயுதம் எவ்வளவு வசதியாக இருந்து என்ன பயன் என்பது அந்த மறுப்பு. இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. பிலிப்பைன்ஸில் மோரோ போராளிகளோடு மோதிய அமெரிக்கப் படையினர் தங்கள் .38 கைத்துப்பாக்கி எதிரியை நிறுத்தவில்லை என்று முறையிட்டார்கள். அதையொட்டி 1904-இல் தாம்சன், லகார்டு என்ற இரு அதிகாரிகள் நடத்திய சோதனைகளின் முடிவில் .45 கேலிபர் பரிந்துரைக்கப்பட்டது, 1911-இல் இராணுவம் .45 துப்பாக்கியை ஏற்றது. பெரிய குண்டுக்கு மதிப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1986 ஏப்ரலில் மியாமியில், அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் எட்டு அதிகாரிகள் இரண்டு கொள்ளையரோடு நடத்திய துப்பாக்கிச் சண்டையில் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். ஐந்து பேர் காயப்பட்டார்கள். தோட்டாவின் பலக்குறைவே காரணம் என்ற முடிவோடு அந்த அமைப்பு 10 மி.மீ. தோட்டாவுக்கு மாறியது. அது பலருக்கு உதைப்பு மிகையாக இருந்ததால் அதன் வேகத்தைக் குறைத்தார்கள். குறைத்த வேகத்துக்கு அவ்வளவு நீளமான உறை தேவையில்லை என்பதால் 1990-இல் .40 ஸ்மித் அண்ட் வெசன் பிறந்தது. கடைசியில் 2010-களில் எஃப்.பி.ஐ. 9 மி.மீ. தோட்டாவுக்கே திரும்பிவிட்டது. குண்டு தயாரிப்பு முன்னேறியது ஒரு காரணம். பெரும்பாலான அதிகாரிகள் அதில்தான் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்பது மற்றொரு காரணம். தேவை என்ற வாதத்துக்கு மிக உயர்ந்த இடம் கொடுத்த ஓர் அமைப்புக்கு, ஏந்தும் கையைக் கணக்கில் எடுக்காமல் தேவையை அளக்க முடியாது என்பதைக் கற்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. தைக்காத பெரிய குண்டு எந்தத் தேவையையும் நிறைவேற்றுவதில்லை.

இரண்டாவது மறுப்பு துணிவின் பெயரால் எழுகிறது. அச்சத்துக்கு இடம் கொடுத்து மென்மையானதைத் தேடுவது கோழைத்தனம். பயிற்சியால் எதையும் வெல்லலாம் என்பார்கள். பயிற்சியின் மேல் எனக்கும் நம்பிக்கை உண்டு. நற்பண்பே பழக்கத்தால் வருவது என்பதுதான் அரிஸ்டாட்டிலின் நிலைப்பாடு. ஆனால் எது பழக்கமாகிறது என்று பார்க்க வேண்டாமா? தாங்க முடியாத உதைப்போடு நூறு முறை சுட்டவர் நூறு முறை சுடக் கற்றுக்கொள்வதில்லை. நூறு முறை துள்ளக் கற்றுக்கொள்கிறார். அடியும் வலியும் சேர்ந்து அந்தத் துள்ளலை ஆழமாக ஊன்றிவிடுகின்றன. அதனால்தான் நல்ல ஆசிரியர்கள் .22-இல் தொடங்கி, .38-க்குப் போய், கை அமைதியாக இருப்பதைப் பார்த்த பிறகே அடுத்ததற்கு ஏற்றுகிறார்கள். துள்ளல் தலைகாட்டினால் மறுபடியும் .22-க்கு இறக்குகிறார்கள். .44 ஸ்பெஷலை ஏற்றும் கனமான ரிவால்வர் இந்தப் படிகளுக்கு வசதியானது. கை தேறினால் அதே துப்பாக்கியில் வலுவான தோட்டாவுக்குப் போகலாம், தேறாவிட்டால் போக வேண்டியதில்லை. அடிமையாகப் பிறந்து கால் ஊனத்தோடு வாழ்ந்த தத்துவவாதி எபிக்டெட்டஸ், மல்யுத்தம் பழக விரும்புபவர் முதலில் தன் தோளையும் தொடையையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். தன் சக்திக்கு மீறிய பொறுப்பை ஏற்பவர் அதிலும் தோற்று, தன்னால் நன்றாகச் செய்யக்கூடியதையும் கைவிடுகிறார் என்றும் சொன்னார். உடலின் எல்லையை நேருக்கு நேர் பார்க்கத்தான் துணிவு வேண்டும். பார்க்க மறுப்பதற்கு எந்தத் துணிவும் தேவையில்லை.

உயிர் போகும் நெருக்கடியில் உதைப்பே தெரியாது, அப்போது எந்தத் துப்பாக்கியும் கைக்கு அடங்கும் என்று சிலர் சொல்வதுண்டு. தெரியாமல் போவது வலி மட்டும். துப்பாக்கியின் முனை மேலெழும்புவது நரம்பின் உணர்வு அல்ல, பருப்பொருளின் இயக்கம். பதற்றத்தில் இருப்பவருக்கும் அது அதே அளவு எழும்பும். மறுபடி இலக்குக்குக் கொண்டுவர அதே நேரம் பிடிக்கும். அலாஸ்கா காடுகளில் கரடியை நினைத்து .44 மேக்னத்தை இடுப்பில் சுமப்பவர்களுக்கும் இதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே தேவை உண்மையானது. ஸ்பெஷல் தோட்டாவின் மென்மை அதற்குப் போதாமல் இருக்கலாம். அப்படியானால் முடிவு என்ன? தன்னால் ஆள முடியாத துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போவது அல்ல. கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் அலாஸ்காவில் நல்ல பலன் தந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோளில் ஊன்றிச் சுடும் நீளத்துப்பாக்கி இருக்கிறது. அதன் கனமும் தோளும் சேர்ந்து உதைப்பைப் பகிர்ந்துகொள்ளும். கூட்டமாகப் போகலாம், சத்தம் எழுப்பிக்கொண்டு நடக்கலாம், அந்தப் பருவத்தில் அந்தப் பாதையைத் தவிர்க்கலாம். தேவையும் திறனும் பொருந்தாத இடத்தில் வழியை மாற்றுவதுதான் அறிவு. திறனை இருப்பதாகப் பாவித்துக்கொள்வது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

இதெல்லாம் பயன்பாடு பற்றிய விவேகம்தானே, இதில் அறம் எங்கே வருகிறது என்று கேட்கலாம். குண்டு ஏந்துபவரின் கையை விட்டுப் போய்விடுகிறது என்பதில் வருகிறது. அளவு மீறி உண்பவர் தன் வயிற்றைத்தான் கெடுத்துக்கொள்கிறார். அளவு மீறிய துப்பாக்கியின் விளைவு அடுத்தவர் உடலில் முடியலாம். 13-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் தற்காப்பை அனுமதித்தபோது, நோக்கம் தூயதாக இருந்தால் மட்டும் போதாது, பயன்படுத்தும் வன்முறை தேவையின் அளவைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். அளவோடு விசையைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் அந்த விசை பயன்படுத்துபவரின் ஆளுகையில் இருக்க வேண்டும். ஆள முடியாததை அளவோடு பயன்படுத்துவது எப்படி? மிக வலிய ரிவால்வர்களில், கையில் துள்ளிய துப்பாக்கி திரும்பி வரும்போது விரல் தன்னையறியாமல் விசையை மறுபடி இழுத்து, யாரும் நினைக்காத இரண்டாவது குண்டு வானத்தை நோக்கிப் போவதுண்டு. 2014 ஆகஸ்டில் அரிசோனாவில் நடந்தது இன்னும் கொடியது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில் உசி என்ற இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்து, தொடர்ந்து சுடும் நிலையில் வைத்தார்கள். உதைப்பில் துப்பாக்கி அவள் பிடியை மீறி மேலே திரும்ப, பக்கத்தில் நின்ற பயிற்றுநர் குண்டு பட்டு இறந்தார். அந்தக் குழந்தை செய்த குற்றம் எதுவும் இல்லை. அவளிடம் இல்லாத வலிமையை அவளுடையதாகக் கருதிய பெரியவர்களின் தீர்ப்பில்தான் பிழை. கருவி வேறு, காரணம் ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் மேலான மறுப்பு அகிம்சையின் மறுப்பு. ஆயுதத்தை நல்லபடி தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசுவதே தவறு, அதைக் கீழே வைப்பது பற்றித்தான் பேச வேண்டும் என்று டால்ஸ்டாயும் அவரைப் படித்த காந்தியும் சொல்வார்கள். இந்தக் குரலை நான் மதிக்கிறேன். அதை இந்தக் கட்டுரை வாதாடி வெல்ல முயலவில்லை. ஆயுதம் ஏந்த உரிமை உண்டா என்ற கேள்வி இங்கே தீர்க்கப்படவில்லை. ஏந்துவது என்று முடிவு செய்தவர் எதற்குக் கட்டுப்பட்டவர் என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி. ஆனால் இந்த வாதம் நேர்மையாகப் பின்பற்றப்பட்டால் அகிம்சையின் வாசல்வரை போகிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. தன் கை எதைத் தாங்கும் என்று உண்மையாகச் சோதிப்பவர்களில் சிலர், எந்தத் துப்பாக்கியும் தனக்கு அளவானதல்ல என்ற முடிவுக்கு வருவார்கள். உதைப்பு மட்டுமா சுமை? சுட்டபின் மனம் சுமக்க வேண்டியதும் சுமைதான். அதைத் தாங்க முடியாது என்று அறிந்து ஒதுங்குபவர் தோற்றவர் அல்ல. .44 மேக்னத்தை வைத்துவிட்டு ஸ்பெஷலை எடுப்பவரும், ஸ்பெஷலையும் வைத்துவிட்டு வெறுங்கையோடு போகிறவரும் ஒரே நெறியில்தான் நடக்கிறார்கள்.

இந்த நெறி ஏந்துபவரோடு நின்றுவிடுவதில்லை. விற்பவர், கற்றுக்கொடுப்பவர், மனைவிக்கோ தாய்க்கோ வாங்கித் தரும் குடும்பத்தார் எல்லோரையும் அது கட்டுப்படுத்துகிறது. எதிரில் நிற்பவர் சிறிய கையை நீட்டி, இது எனக்கு வலிக்கிறது என்று சொல்லும்போது, அந்த வலியைக் கேலி செய்யாமல், செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் பொறுப்பு. கனமான சட்டமா, நீளமான குழலா, மெத்தென்ற பிடியா, வேகம் குறைந்த தோட்டாவா என்று பொறுமையாகப் பார்த்து, சுட வைத்து, தாளில் விழுந்த துளைகளை எண்ணி, பிறகே கொடுக்க வேண்டும். எதுவும் பொருந்தவில்லை என்றால் விற்காமல் அனுப்ப வேண்டும். பெரிதாக இருப்பதற்கும் அடங்காமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நூறாண்டுக்கு மேலாக விற்பனையில் இருக்கும் .44 ஸ்பெஷல் என்ற பழைய தோட்டா இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது. அதன் குண்டு பெரியது, நிதானமாகப் போவது, ஏந்துபவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. துப்பாக்கியைத் தொடவே போகாத நாமும் பதவியாகவும் பணமாகவும் பேச்சாகவும் பிறர்மேல் செல்லும் விசைகளை ஏந்திக்கொண்டுதான் வாழ்கிறோம். கிடைக்கிற வலிமை அனைத்தையும் வாங்கிக்கொள்ளத் துடிக்கும்போது, இதில் எவ்வளவை என்னால் குறி தவறாமல் செலுத்த முடியும் என்று முதலில் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு உண்மையான விடை கண்டு, அந்த எல்லைக்குள் நிற்பவர் மட்டுமே, நடந்தது என் செயல், அதற்கு நானே பொறுப்பு என்று சொல்லும் தகுதி உடையவர்.